பவித்ரா குறிக்காமல் விட்ட இடம்

அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இரண்டு திதிக்கும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிவிடத்தான் பார்த்தேன். பக்கத்தில் தம்பி நிற்பான், படையலுக்கு நேரமாகிவிடும், வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது அப்பா. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கால் தானாக ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து பார்த்தால் நம் கரும்பு தெரியும்.

ஆமாம், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். ஏழாம் வகுப்புக்கு அறிவியல். தினமும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, வடக்கனந்தலில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நீங்கள் இருந்தபோது வந்திருக்கக் கூடாதா என்று அம்மா கேட்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் நடந்ததெல்லாம் நடந்திருக்குமா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆடி மாதம் நீர்ச் சுழற்சிப் பாடம் வந்தது. போர்டில் கடல் வரைந்தேன், சூரியன் வரைந்தேன், மேகம், மலை, மழை, ஆறு, மறுபடி கடல். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி. எத்தனையோ வருஷமாக வரைகிற படம்தான், கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் இருக்கா என்று கேட்டேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் பவித்ரா. நம் நிலத்துக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் வைத்திருக்கிறாரே ஏழுமலை மாமா, அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி.

"டீச்சர், எங்க கெணத்துல தண்ணி இருந்துச்சாம். இப்ப இல்ல. அது எந்த அம்புக்குறில போச்சு?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழை கம்மியாயிடுச்சும்மா, அதான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். மழை கம்மி. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள் அப்பா. அன்றைக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த நோட்டுதான் கண்ணில் நின்றது.

மறுநாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன். "நம்ம ஊர் தண்ணி எங்க இருக்கு, எங்க இல்லன்னு நாமளே பாத்துடலாம்" என்றேன். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அவரவர் தெருவிலும் கொல்லையிலும் உள்ள கிணறுகளைக் கயிற்றில் கல் கட்டி அளந்து வரச் சொன்னேன். எப்போது வற்றியது என்று வீட்டில் கேட்டு எழுத வேண்டும். தண்ணீர் இருந்தால் நீலப் புள்ளி, மழைக்காலத்தில் மட்டும் இருந்தால் மஞ்சள், வறண்டு போயிருந்தால் சிவப்பு. பெரிய சார்ட் ஒன்றில் ஊரையும் ஓடையையும் வரைந்து கொடுத்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "எங்க கெணத்துல ஆமை இருக்குது டீச்சர், அதுக்கு இன்னா கலரு?" என்று ஒருத்தன். பம்ப்செட் பம்ப்செட்டாகப் போய், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றெல்லாம் விசாரித்து வந்தார்கள். இரண்டு வாரத்தில் சார்ட் நிறைந்துவிட்டது.

சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மேற்கே மலையடிவாரத்தில் நீலம் இருந்தது. ஏரிக்கரை ஓரம் மஞ்சள். ஓடைக்குக் கிழக்கே மட்டும் சிவப்பு, ஒன்று இரண்டல்ல, கொத்தாக. எல்லாச் சிவப்பும் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அந்த இடத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

"நடுவுல ஏன் காலியா வுட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை வரைந்தவள் பவித்ரா. நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"அது உங்க வூட்டு போராச்சே டீச்சர். போட்டா நல்லாருக்காதுன்னு வுட்டுட்டேன்."

பன்னிரண்டு வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது.

ஆழ்துளைக் கிணறு போட போர் வண்டி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். நம் பழைய கிணறு இறங்கிக்கொண்டே போய், நட்ட கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள். பாறையைக் குடைந்துகொண்டே போனது வண்டி. வெறும் வெள்ளைப் புழுதி. இனி வராது என்று அம்மா அழ ஆரம்பித்த நேரத்தில் குபீரென்று அடித்தது தண்ணீர். சேறு தெறிக்கத் தெறிக்க நீங்கள் கைகூப்பிக்கொண்டு நின்றீர்கள். நானும் தம்பியும் அதில் குதித்தோம். அன்றைக்கு நம்மைவிடச் சந்தோஷமானவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. அந்தக் கரும்புதான் என்னை பி.எட். படிக்க வைத்தது. நான் மறக்கவில்லை.

அடுத்த கோடையில் ஏழுமலை மாமா வந்ததையும் மறக்கவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

"அண்ணே, எங்க கெணறு பத்து நாளா ஊறலண்ணே. இத்தினி வருசத்துல இப்டி ஆனதே இல்ல."

"வெய்யகாலம் ஏழுமல. எல்லா கெணறுந்தான் வத்திக்கினு கெடக்குது. இன்னா பண்றது?" என்றீர்கள். அப்புறம், குடிக்கவும் மாட்டுக்கும் நம் தொட்டியில் எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் அவர் நடவு நடவில்லை. அதற்கு அடுத்த வருஷம் நம் கரும்பை வெட்ட வந்த ஆட்களோடு அவரும் வந்தார். நீங்கள் அவருக்கு முதலில் சாப்பாடு போடச் சொன்னீர்கள்.

அப்பா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? இதைத்தான் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பாறைக்குள் ஓடுகிற வெடிப்புக்கு வேலி கிடையாது, ஆழத்தில் இருந்து நாம் இழுத்தால் மேலே இருக்கிற பக்கத்துக் கிணறு இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும். கல்லூரியில் நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் பரீட்சையில் அதை எழுதினேன். உள்ளே உட்கார்ந்து நீங்கள் இருவரும் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பவித்ராவிடம் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, அந்த வெற்றிடத்தில் நானே நம் போரைப் போட்டேன். என்ன கலர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தண்ணீர் இருக்கிறதே, நீலம்தான். சிவப்புகளுக்கு நடுவில் ஒரே ஒரு நீலம். "உங்க கெணத்துத் தண்ணி எந்த அம்புக்குறில போச்சுன்னு கேட்டியே பாப்பா. இதுல வந்துச்சு" என்றேன். அவள் நோட்டை எடுத்து, மழை கம்மி என்பதை அடித்துவிட்டு, டீச்சர் வீட்டு போர் என்று எழுதினாள்.

நான் சொல்வதற்கு முன்னாலேயே செய்தி நம் வீட்டுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் தம்பி பஸ் ஸ்டாப்புக்கே வண்டியில் வந்துவிட்டான்.

"இன்னாக்கா பண்ணிக்கினு இருக்கிற? செத்துப்போன அப்பாவ திருடன்ற. ஊருக்கே படம் போட்டு காட்டற."

"திருடன்னு நான் எங்கடா சொன்னேன்?"

"வேற இன்னா அர்த்தம்? வெள்ளிக்கெழம பெத்தவங்க கூட்டம் வெச்சிருக்கியாமே. அந்த சார்ட்ட கழட்டிடு. இல்லன்னா நான் வந்து கிழிப்பேன்."

"நீயும் வா. வந்து பாத்துட்டு அப்புறம் கிழி."

"உனுக்கு மாசமானா சம்பளம். எனுக்கு அந்த மோட்டார வுட்டா இன்னா இருக்குது?" என்று கத்தினான். அவன் சொன்னது நியாயம்தானே? அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபிறகு இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள்தான் பேசினார்கள். மழைத் தண்ணீர் எப்படி உள்ளே இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறதோ அதைவிட அதிகமாக எடுத்தால் என்ன ஆகும் என்று பிளாஸ்டிக் டப்பாவில் மணலும் கல்லும் போட்டு, இரண்டு ஸ்ட்ரா செருகிக் காட்டினார்கள். நீள ஸ்ட்ராவில் உறிஞ்ச உறிஞ்ச, குட்டை ஸ்ட்ராவில் வெறும் காற்று வந்தது. பெற்றவர்கள் சிரித்தார்கள். கதவோரம் தம்பி நின்றிருந்தான். முன்வரிசையில் ஏழுமலை மாமா.

பவித்ரா சார்ட்டைக் காட்டிப் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். "எங்க போர்தான் காரணம்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லல" என்றேன்.

ஏழுமலை மாமா மெதுவாக எழுந்தார்.

"இது எங்களுக்கு அப்பவே தெரியும் பாப்பா. இதுக்கு படமெல்லாம் வேணாம். உங்க மோட்டார் நின்னா மறுநாள் கெணத்துல ஒரு கொடம் ஊறும், ஓடுனா வத்திடும். தண்ணி போனது கூட பரவால்ல. நீங்க எல்லாரும் தெரியாத மாறியே இருந்தீங்க பாரு, அதான் பொறுக்க முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தேன், கதவோரம் தம்பி இல்லை. சார்ட் கிழியாமல் இருந்தது.

பத்து நாள் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மதியம் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். கால் முழுக்கச் சேறு. என்ன என்று கேட்டேன்.

"மாமா கெணத்துல எறங்கிப் பாத்தேன். அடியில வெறும் முள்ளும் குப்பையும். ஏங்க்கா, ஓடைத் தண்ணிய அதுல திருப்பி வுட்டா உள்ள எறங்குமா? சேறு வந்து அடைச்சிக்காதா?"

அவ்வளவுதான் அப்பா. மன்னிப்பு, வருத்தம் எதுவும் அவன் வாயில் வராது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. நான் பவித்ராவைக் கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொன்னேன். கிணற்றுக்கு முன்னால் ஒரு குழி வெட்டி, அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, அதற்குமேல் மணல் போட்டால் சேறு அங்கேயே நின்றுவிடும், தெளிந்த தண்ணீர்தான் கிணற்றுக்குப் போகும் என்று அவள் வரைந்து காட்டினாள். "மணல வருசா வருசம் மாத்தணும், மறந்துடக் கூடாது" என்று அவனை மிரட்டினாள். அவன் "சரிங்க டீச்சர்" என்றான் அவளிடம்.

ஐப்பசிக்கு முன்னால் வேலை முடிந்தது. ஏழுமலை மாமாவும் தம்பியும் சேர்ந்துதான் கிணற்றைத் தூர் வாரினார்கள். இந்த வெட்டு முடிந்ததும் கரும்பில் பாதியை எடுத்துவிட்டு மக்காச்சோளமும் உளுந்தும் போடுவதாகச் சொல்கிறான். மீதிப் பாதிக்குச் சொட்டுநீர். முழுவதையும் விடமாட்டானாம். நானும் வற்புறுத்தவில்லை.

மலையில் நல்ல மழை. ஓடை இரண்டு முறை பெருகியது. மாமா கிணற்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது. போய்ப் பார்த்தேன், எட்டிப் பார்த்தபோது என் முகம் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. இது குழி தந்த தண்ணீரா, இந்த வருஷத்து மழை தந்ததா? ஒரு மழையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நானே வகுப்பில் சொல்கிறேன். மாமாவின் மகன், பவித்ராவின் அப்பா, கட்டட வேலைக்கு பெங்களூர் போய்ப் பல வருஷம் ஆகிறது. மாடுகளை விற்றுவிட்டார்கள். கிணறு நிறைந்தது என்று போனில் சொன்னபோது, "அப்டியா, நல்லது" என்றாராம். வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் தன் அப்பாவைப் பொங்கலுக்குப் பொங்கல்தான் பார்க்கிறாள். அதை எந்தக் குழி வெட்டி நான் திருப்பித் தருவது?

உங்களைக் குற்றம் சொல்லத்தான் இதை எழுதுகிறேனா என்று பாதியில் நிறுத்தி யோசித்தேன். இல்லை அப்பா. காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு நீங்கள் பட்டினி கிடந்ததும் உண்மை, மாமாவின் நடவு நின்றதும் உண்மை. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, எங்கள் பிள்ளைகள் ஊர்க் கிணறுகளை அளக்கப் போகிறார்கள். நம் போரையும் சேர்த்துத்தான். எது வந்தாலும் அதை அப்படியே எழுதி பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுவோம். மாசி போகும், பங்குனி போகும், சித்திரை வரும். அவர் கிணறு இறங்கினால் நம் மோட்டார் நிற்கும். தம்பியோடு மறுபடி சண்டை வந்தாலும் நிற்கும். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. உங்களுக்குக் கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள் அப்பா, நான் தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னமும் பேசி முடிக்காத
உங்கள் பெரிய பெண்