டைக்கோவும் பிடிலும் நானும்

திருப்பூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலிடும் அம்மா, மகள் அன்புசெல்விக்கு எழுதுவது.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் சரி என்றுவிடுவேன். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ அனுப்பிய ஒத்திகை வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் பனியன் கம்பெனியில் எல்லோரும் பார்த்தோம். அம்மாடி, அந்த டைக்கோ எவ்வளவு பெரிய மேளம்! ஜப்பான்காரப் பெண்கள் அடித்த அடியில் என் போனே அதிர்ந்தது. நடுவில் நீங்கள் நாலு பேர் வயலினும் செல்லோவும் வாசிக்கிறீர்கள். தைத்த துணியைச் செக்கிங் பார்க்கும் மாரக்காள், "ஏனுங்க ரோஸ்மேரி, உங்க புள்ளையோட பிடிலு அழுகறாப்லயே இருக்குதுங்க" என்று கண்ணைத் துடைத்தாள். இந்த இசை, பிள்ளையை விட்டுப் பிழைக்கப் போன தாயின் கதை என்றாய். மேளம்தான் தையல் மிஷினாம், பிடில் நானாம். பெருமையாகத்தான் இருந்தது.

உடனே தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாயே! நாலு மாதம் ஊர் ஊராகக் கச்சேரியாம், பத்து மாதப் பிள்ளையை மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை பிளேனில் இங்கே கொண்டுவந்து விடுவாராம். ஏம்மா, புத்தி இருக்கிறதா உனக்கு?

"நீயும் என்ன விட்டுட்டுத்தானம்மா போன" என்று கேட்டாய். சுருக்கென்று தைத்தது. ஆமாம், போனேன். உன் அப்பா இறந்த வருடம், சாத்தான்குளத்தில் பெரியம்மாவிடம் உன்னை விட்டுவிட்டு இங்கே வந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன். ஆறு மாதம் என்று நினைத்தது நாலு வருடம் ஆனது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கப் பனியன் தைத்தவள், ஒரு கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கொண்டுவந்த பனியன், நான் விட்டுப்போனபோது நீ இருந்த சைஸ். கழுத்தில் தலையே நுழையவில்லை. பெரியம்மா பிள்ளைகளைப் பார்த்து நீயும் அவளை அம்மா என்றாய், என்னைச் சித்தி என்றாய். திருப்பூருக்குக் கூட்டிவந்த பிறகும் ஒரு வருடம் நான் சித்திதான். பிள்ளை விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சிரித்துச் சமாளிப்பேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

கச்சேரியை விடச் சொல்லவில்லை. விட்டால் நானே திட்டுவேன். பிரசவத்துக்குக் கூப்பிடுவாய் என்று எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கிறது. நீ கூப்பிடவில்லை, அது போகட்டும். காண்ட்ராக்டர் ஈஸ்வரமூர்த்தியிடம் லீவு கேட்டுவிட்டேன். "போய்ட்டு வாங்க, மிஷின் எங்கயும் ஓடிப்போகாதுங்க" என்றார். அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாது, குளிரும் ஒத்துக்கொள்ளாது. மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டால் போதும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வாசித்து முடித்து வந்ததும் அவன் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விசாவுக்கு, நீ கூப்பிட்டதாக ஒரு கடிதம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எழுது. கர்த்தர் உன் கைகளையும் உன் பிள்ளையையும் காப்பாராக. அவனை இங்கே அனுப்பாதே அம்மா. என்னைக் கூப்பிடு.

உன் அம்மா,
ரோஸ்மேரி