எலி வைத்தியத்தை நம்பிய உன் சித்தி

அன்பு மகள் சுப்ரியாவுக்கு, மத்திகிரியிலிருந்து சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் முக்கால்வாசி நலம், அங்கே நீ முழுசாக நலமா. ஜெர்மனிக் குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா, இல்லை கம்பளியையும் உன் ஆராய்ச்சி எலிகளுக்கே போர்த்திவிடுகிறாயா. போனில் பேசினால் சித்தி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதனால் ரோஜாத் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

போன மாதம் சொன்னாயே, புற்றுநோய்க் கட்டி வளர்வதற்காகப் புது ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதை மருந்து கொடுத்துத் தடுத்தால் எலிக்குக் கட்டி மெதுவாகத்தான் வளர்கிறது என்று. பத்தாவதை மூன்று தடவை எழுதியவன் நான், உடனே புரிந்துவிட்டது. ஓசூரில் பாதி பசுமைக்குடிலுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவன், சரி, ஏழெட்டுக்கு. டீக்கடையில் வெள்ளைச்சாமிக்கு விளக்கினேன், கட்டி மெயின் பைப்பில் திருட்டு லைன் இழுக்கிறது, எங்கள் பாப்பா மூடி போட்டு அடைக்கிறாள் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பது எலிக்கும் கட்டி உதிர்ந்து எழுந்து ஓடின, கவர்மெண்டு கையெழுத்துதான் பாக்கி என்றும் சேர்த்துவிட்டேன். கேட்கிறவன் வாயைப் பிளந்தால் எனக்கு நிறுத்த வராது.

அது அவன் வீட்டுக்காரி வழியாக உன் சித்தி காதுக்கு வந்துவிட்டது. உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், பயப்படாதே. சித்திக்கு மார்பில் கட்டி. சோதித்ததில் கெட்ட கட்டிதான், ஆனால் சின்னது, இப்போதே எடுத்துவிட்டால் நல்லது என்கிறார் டாக்டர். வருகிற புதன்கிழமை ஆபரேஷன். இவளோ, பாப்பாதான் மருந்து கண்டுபுடிச்சிருக்குதே, அப்பறம் எதுக்குக் கத்தி என்கிறாள். உன்னைக் கேட்கலாம் என்றால், படிக்கிற புள்ள பயந்துக்கும், மருந்து வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாமாம். நான் சொன்னது பொய்யடி என்று ஒப்புக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகத்தான் இப்பப் பொய் சொல்ற என்கிறாள். முப்பது வருஷமாக நான் சொன்ன ஒன்றையும் நம்பாதவள், போயும் போயும் இதை நம்பித் தொலைத்தாள். பை கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறேன், நாலு நாளாகப் பார்க்காதவள் போலத் தாண்டிப் போகிறாள்.

நீயே கூப்பிடு. அந்த மருந்து இன்னும் எலியைத் தாண்டவில்லை, எலிக்கும் கட்டியை எடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான், சித்தப்பா புளுகினார் என்று சொல். கடைசி வார்த்தையை அழுத்திச் சொல், அதை மட்டும் உடனே நம்புவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் எலிகளும் முடிந்த வரைக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் கூப்பிடு, மறந்துவிடாதே.

உன் புளுகுச் சித்தப்பா,
தங்கதுரை