சுவரில் படாத கதவு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் மேல் எனக்குள்ள கோபம் ஒன்பது வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் நலமா?

நீ குடியிருந்த மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு நர்ஸ், அவள் புருஷன், தவழுகிற குழந்தை. காற்றடித்தால் மாடி அறைக் கதவு போய்ச் சுவரில் மோதும், திரும்பி வந்து படாரென்று சாத்திக்கொள்ளும். "பாட்டிம்மா, பிள்ளை விரல் மாட்டிச்சுன்னா என்ன பண்றது? ஏதாவது பண்ணுங்க, இல்லேன்னா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்" என்றாள் நர்ஸ்.

கதவைத் தடுக்க முதலில் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கினேன். இரண்டே நாளில் உடைந்தது. அந்தக் கடைக்காரனை நான் மறக்க மாட்டேன். அடுத்து ரப்பர் ஆப்பு. டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு இரும்பில் ஒன்று. காலில் இடறக் கூடாதென்று கீல் பக்கத்திலேயே அடிக்கச் சொன்னேன். நர்ஸின் புருஷன் வேண்டாமென்றான். நான் கேட்பேனா? ஒரே காற்றில் கீல் பிய்ந்து கதவு தொங்கியது.

தச்சர் வந்து பார்த்துச் சிரித்தார். "கீல்கிட்ட வெச்சா கதவு தன்னையே பிடுங்கிக்கும் பாட்டி. ஓரத்துலதான் வெக்கணும்" என்று, காந்தம் வைத்த ஸ்டீல் ஸ்டாப்பரைத் தரையில் துளை போட்டு முடுக்கினார். எலுமிச்சம்பழம் அளவுதான். தலையில் ஒரு ரப்பர் வளையம்.

என் பலத்தையெல்லாம் சேர்த்துக் கதவைத் தள்ளினேன். டக். அவ்வளவுதான். கதவு அசையாமல் நின்றது. ரப்பர் நகக்கண் அளவு அமுங்கி, மறுபடி எழும்பியது. நான் மூச்சு விட மறந்து பார்த்தேன். பதினோரு தடவை தள்ளினேன். பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு வேகத்தையும் வாங்கி அது எங்கேதான் வைத்துக்கொள்கிறதோ! எனக்கு இந்த வயதிலும் புரியவில்லை.

அங்கே சுவரில் கைப்பிடி இடித்த குழி ஒன்று உண்டு. அது காற்றடித்து வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை, மத்தியானம், பச்சைச் சேலை, கையில் பெட்டி. "இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று நீ கதவை விசிறியடித்த வேகத்தில் விழுந்தது. வெள்ளையடிக்க வந்த ஒருவரையும் அதைத் தொட விடவில்லை. நீ வந்தால் காட்ட வேண்டுமென்று வைத்திருந்தேன். உன் புருஷனை நான் அன்றைக்குச் சொன்ன சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் எழுத மாட்டேன்.

"இதையும் பூசிடலாமா பாட்டி?" என்று தச்சர் கேட்டார். கொஞ்ச நேரம் அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். பூசச் சொல்லிவிட்டேன். இன்னும் ஈரம் காயவில்லை.

கீழே என் வாசல் கதவுக்கும் அதே மாதிரி ஒன்று போட்டாயிற்று. கோபம் தீராவிட்டால் கோபத்தோடேயே வா. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுவரில் படாது. திறந்த கதவு திறந்தபடியே நிற்கும்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா