ஐந்தாவது புட்டி

பிப்ரவரி 4

என் அன்பு மூக்கருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல். புரண்டு படுத்தால் முனகுகிற கட்டில். போனில் நீங்கள் “ம்”, “சரி”, “வேற?” என்ற மூன்றே வார்த்தையில் குடும்பம் நடத்திவிடுகிறீர்கள் என்பதால்தான் இந்தக் கடித ஏற்பாடு. பேனாவைப் பிடித்தால் உங்களுக்கு வாய் வரும் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.

இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு சல்லடை எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்கின் கூரையில் இருப்பது. டீ வடிகட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வாசனை நரம்பின் இழைகள் மூளைக்குள் ஏறுகின்றன. குடோன் ஏணியிலிருந்து நீங்கள் மல்லாக்க விழுந்தபோது மூளை உள்ளே குலுங்கியதில் அறுந்துபோனவை அந்த இழைகள். ஊரிலேயே பேர் வாங்கிய டீ டேஸ்டரை ஒரு வடிகட்டி கவிழ்த்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து நெடி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவை திரும்ப முளைக்கக்கூடிய இழைகள். அதனால் நான் வைத்துவிட்டு வந்த நான்கு புட்டிகளையும் காலையும் மாலையும் முகருங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம். பேப்பர் படித்துக்கொண்டே அல்ல. அது எப்படி மணக்கும் என்று மனதில் நினைத்துக்கொண்டு. ஐந்தாவதாக, ஜிப் பையில் என் பழைய நீலத் துப்பட்டா இருக்கிறது. எந்த ஆராய்ச்சியிலும் அது கிடையாது. அது என் சொந்தப் பிடிவாதம். அதைக் கடைசியாக முகருங்கள்.

உங்கள் அக்கா போன் செய்தார்கள். உங்கள் ஆபீசில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாமே? நீங்கள் சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மண்டையோடு

பிப்ரவரி 20

மண்டையோட்டு மகாராணிக்கு,

நலம். கேஸ் சிலிண்டர் நீ சொன்ன இடத்தில் பதிந்து மாற்றிவிட்டேன். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கிறேன்; கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாதே.

அக்காவுக்கு வேறு வேலை இல்லை. அந்தப் பெண் டேஸ்டிங் அறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மூக்குத்தி போட்டிருப்பதால் கம்பெனியில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. என்னை வீட்டுக்கு அனுப்ப மேனேஜருக்கு மனசு வரவில்லை. அதனால் மூக்குத்தியை என் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். நான் இலையையும் சாயத்தையும் பார்ப்பேன், அவள் கரண்டியால் உறிஞ்சித் துப்புவாள். நானும் உறிஞ்சிப் பார்க்கிறேன். கசப்பு தெரிகிறது, துவர்ப்பு தெரிகிறது. அதற்கு மேல் வெறும் வெந்நீர். உறிஞ்சும்போது மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது, அதற்குத்தான் அந்த அசிங்கமான சத்தம் என்று நீதான் எனக்கு விளக்கினாய். உன் வீட்டில் முதல் தடவை டீ குடித்தபோது நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா எழுந்தே போய்விட்டார், நினைவிருக்கிறதா?

மூக்குத்திக்கு நல்ல மூக்கு, பேர்தான் வைக்கத் தெரியவில்லை. நான் கேட்டுக் கேட்டு வாங்குகிறேன்.

“என்ன வருது?”

“ஈர மரம் மாதிரி வருது சார்.”

“மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி சார். வெயில் வந்ததுக்கு அப்புறம்.”

அவ்வளவுதான், எனக்கு அந்தச் சரக்கு எந்தச் சரிவில் விளைந்தது என்பது வரை தெரிந்துவிடும். மூக்குத்தி அசந்துபோவாள்.

புட்டிகளில் ஒன்றும் வரவில்லை. துப்பட்டாவிலும்தான். ஆனாலும் விடவில்லை.

உன் மூக்கன்

மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மழைக்கு முன்னாடியா பின்னாடியா! என்னிடம் ஒரு நாளாவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பீர்களா? “உப்பு சரியா இருக்கா?” என்று நான் கேட்டால் வருவது ஒரு “ம்”. இத்தனைக்கும் அப்போது உங்களுக்கு முழு மூக்கு இருந்தது. கடிதத்தில் பாதிக்கு மேல் மூக்குத்தி நின்று டீ குடிக்கிறாள், எனக்குக் கிடைத்தது கேஸ் சிலிண்டர்.

பொறாமைதான். பூசி மெழுகப் போவதில்லை. நாக்கிலிருந்து வருவதும் மூக்கிலிருந்து வருவதும் கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் ஓரிடத்தில் ஒன்று சேர்கின்றன. அங்கேதான் அது ருசியாகிறது. வெட்டிய மூளையில் அந்த இடத்தைத் தினமும் பார்க்கிறேன். இப்போது உங்கள் நாக்கும் அவள் மூக்கும் சேர்ந்து ஒரே ருசி பார்க்கின்றனவே, அந்த நெற்றி யாருடையது என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். படித்ததால்தான் இவ்வளவு விவரமாக எரிகிறது.

இன்னொரு விஷயம். ஜூன் கடைசியோடு என் வேலை முடிகிறது அல்லவா? இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார் ஆய்வுக்கூடத் தலைவர். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

துப்பட்டாவை மறக்காதீர்கள்.

உங்கள்
மண்டையோடு

ஏப்ரல் 14

மண்டையோட்டு மகாராணிக்கு,

ஒரு சந்தோஷச் செய்தி. வாசனை வந்துவிட்டது! போன வாரம் டேஸ்டிங் அறைக் கதவைத் திறந்தேன். எலுமிச்சை. தெள்ளத் தெளிவாக. எங்கிருந்து என்று பார்த்தால், மூக்குத்தி அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருக்கிறாள். அவள் சோப்பு. மேனேஜரிலிருந்து கோப்பை கழுவுகிறவர் வரை எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். உன் புட்டிகளின் புண்ணியம்.

இப்போதைக்கு அது மட்டும்தான். மற்றதெல்லாம் மெல்ல வருமாம். அக்கா நான் இளைத்துவிட்டதாகச் சொல்லியிருப்பாள், நம்பாதே. காபியை விட்டுவிட்டேன், அதனால் இருக்கும். உன் துப்பட்டா அழுக்காக இருந்தது, துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

அந்த ஒரு வருட விஷயம் உன் இஷ்டம். உன் படிப்புக்கு நல்லது என்றால் இருந்துவிட்டே வா. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் மூக்கன்

ஏப்ரல் 27

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

உங்கள் மூக்கு திரும்பியதில் மிக்க மகிழ்ச்சி.

முதலில் ஒரு பாடம். கண்ணில் படுவது, காதில் விழுவது, நாக்கில் படுவது எல்லாம் மூளையின் நடுவில் உள்ள ஒரு வரவேற்பறையில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வாசனை மட்டும் அந்த அறைப் பக்கமே போகாது. நேராக, பயமும் பிரியமும் பழைய ஞாபகமும் குடியிருக்கும் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த அந்த அறைக்குள் முதன்முதலில் நுழைந்தது யார்? உங்கள் மூக்குத்தி. நானாக இட்டுக்கட்டவில்லை, உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

அந்த அறையில் நுழைவதற்காக நான் ஒரு துணியை ஒரு வாரம் துவைக்காமல் உடுத்தி, தூங்கி, வியர்த்து, பையில் போட்டு மூடி வைத்துவிட்டு வந்தேன். வெட்கத்தை விட்டுச் செய்த காரியம் அது. அதைப் போய் அழுக்கு என்று துவைத்துவிட்டீர்கள். துவைத்து, மடித்து, பீரோவில்! நம் வீட்டில் நீங்களாக எடுத்து ஒரு கைக்குட்டை துவைத்து நான் பார்த்ததில்லை.

“இருந்துவிட்டே வா” என்கிறீர்கள். நல்லது. கையெழுத்துப் போட ஜூன் பத்து வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். போட்டுவிடுகிறேன். அவள் சோப்பு தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

—

மே 11

என் அன்பானவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடு.

எலுமிச்சை எதுவும் வரவில்லை. மூக்குத்தி என்ன சோப்புப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கை குலுக்கினார்கள் என்று எழுதியதும் பொய்தான். ஆபீசில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

வந்தது வேறு. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, நான்கு புட்டியும் முடித்து உன் பையைத் திறந்தேன். மூக்கில் ஏதோ வந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. துணியில் முகத்தை வைத்து நன்றாக இழுத்தேன். அழுகிய வெங்காயத்தையும் டயரையும் சேர்த்துக் கொளுத்தினால் எப்படி இருக்கும், அது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பை கெட்டுப்போயிருக்கும் என்று பையை எறிந்தேன். துணியைத் துவைத்தேன். காய வைத்து மறுபடியும் துவைத்தேன். குறைந்தது, போகவில்லை. உன் தலையணை உறையிலும் அதே. பிறகு காபியிலும் வந்தது, பற்பசையிலும் வந்தது. ஆனால் முதலில் வந்ததும் அதிகமாக வந்ததும் உன்னிடம்தான்.

நீ நாறுகிறாய் என்று உனக்கு எப்படி எழுதுவேன்? அதுவும் நீ அவ்வளவு ஆசையாக வைத்துவிட்டுப் போன துணி. நீ ஊருக்கு வந்து கதவருகில் நிற்கும்போது என் முகம் சுளித்து, நான் ஒரு அடி பின்னால் போய்விட்டால் அதை நீ பார்ப்பாயே. அதைவிட நீ என்மேல் கோபமாக அங்கேயே இருப்பது மேல் என்று தோன்றியது. மூக்குத்தி கையில் கிடைத்தாள், அவளை எழுதிவிட்டேன். பாவம், அவளுக்கு இது எதுவும் தெரியாது.

எனக்கு மூளை கெட்டுவிட்டதா என்று மட்டும் சொல். மற்றதை நீ முடிவு செய்.

உன் மூக்கன்

மே 24

அட அசடே,

ஆமாம், உங்களைத்தான். இந்தக் கடிதத்துக்கு மரியாதை கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம் அழுதேன், அவளுக்கு அதிலும் ஒன்றும் புரியவில்லை.

உங்களுக்கு மூளை கெடவில்லை. ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் அப்போதே இதைச் சொல்லியிருப்பேன்: அறுந்த இழைகள் முளைத்துவிட்டன! சல்லடை எலும்பைத் தாண்டி மேலே ஏறி மூளையைத் தொட்டும்விட்டன. ஆனால் வழி தெரியாமல் ஆளுக்கொரு கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. ரோஜாவுக்குப் போக வேண்டியது சாக்கடை வீட்டில் நுழைந்துவிட்டது. பலருக்கும் இப்படித்தான் வாசனை திரும்புகிறது, நாற்றமாக. முழுதாகச் சரியாகுமா என்றால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உயிர் இருக்கிறது. உயிர் இருப்பதால்தான் நாறுகிறது.

அப்படியென்றால் அந்த உள்ளறைக்குள் முதலில் நுழைந்தது நான்! உங்களை வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு நுழைந்திருக்கிறேன், ஆனாலும் நான்தான். இதை என்னிடமிருந்து மறைத்து அந்தப் பெருமையை வேறொருத்திக்குக் கொடுத்தீர்களே, அதற்கு மட்டும் மன்னிப்பு இல்லை.

துப்பட்டாவை வெளியே எடுங்கள். தினமும் முகருங்கள். பிடிக்காவிட்டாலும்.

ஒரே ஒரு கேள்வி, ஆராய்ச்சிக்காகத்தான் கேட்கிறேன். மூக்குத்தி பக்கத்தில் நிற்கிறாளே, அவளிடம் என்ன வருகிறது?

மண்டையோடு

ஜூன் 6

மண்டையோட்டு மகாராணிக்கு,

ஆராய்ச்சிக்கான பதில்: மூக்குத்தியிடம் எதுவும் வரவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வெந்நீர்.

துப்பட்டா கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. இன்று காலை இரண்டு முறை இழுத்தேன். கண்ணில் நீர் வந்தது, வாந்தி வரவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

ஆராய்ச்சிக்குத் தேவையென்றால் மூக்குத்தியின் பக்கத்தில் போய் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்து எழுதட்டுமா?

உன் மூக்கன்

ஜூன் 18

என் அன்பு மூக்கருக்கு,

முகர ஒன்றும் வேண்டாம். கையெழுத்துப் போடவில்லை. ஜூலை இரண்டாம் தேதி காலை வீட்டில் இருப்பேன்.

கதவைத் திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தைச் சுளியுங்கள், திட்டுங்கள், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. ஒரு அடி மட்டும் பின்னால் போகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் ஐந்தாவது புட்டி