பலகை படித்த செயலி

இன்று காலை என் ஃபோன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. உன் செயலியைத் தொட்டேன். ஒரு நொடி திறந்து மூடிக்கொண்டது. 'இது பழைய பதிப்புக்காக உருவாக்கப்பட்டது. உருவாக்கியவரைத் தொடர்புகொள்ளவும்' என்று திரையில் வந்தது. அந்த இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மாவை, மாமியை, கண் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளில்தான் உனக்கு இந்தச் செயலி தோன்றியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், மத்தியானம்வரை வேறு ஏதோ அறையின் வாசலில் காத்திருந்தாளாம். மலையாளம் உன்னைவிட நன்றாகப் பேசினாளாம். வாசிக்கத்தான் தெரியாது. "அவாளுக்கு அர்த்தம் வேண்டாம்டீ, எழுத்து மட்டும் போறும்" என்றாய். பலகைக்கு நேரே ஃபோனைப் பிடித்தால் மலையாள எழுத்து தமிழ் எழுத்தாகத் தெரிய வேண்டும். இணையமும் விளம்பரமும் கூடாது. நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். நீ கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் பலகைகளைப் படம் எடுத்தோம். கையால் எழுதிய பழைய பலகைகளில் எழுத்தின் வடிவமே வேறு. உன் செயலி அங்கேதான் திணறும். ஒரு வெல்ல மண்டிக்காரர் நம்மை வரி ஆபீஸ்காரர்கள் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார். நாங்கள் பலகையை மட்டும்தான் பார்க்கிறோம் என்று நீ சொன்னதும், "இனி பலகைக்கும் தனியா வரியா?" என்றார். ஆரியசாலைக் கோடி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய்.

கழக்கூட்டத்து அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க நமக்குத் தொழில்நுட்பச் செய்திதான். நன்றாக ஓடுகிற ஃபோனுக்கு இனிப் புதுப்பிப்பு கிடையாது என்று ஏதாவது ஒரு கம்பெனி அறிவித்திருக்கும். "வாங்கினது நாம, பூட்டு அவா கையில" என்பாய். திறந்த நிரலுக்குச் சாவில்லை, ஒருவர் விட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்று நான் வாதாடுவேன். வாதத்துக்காகச் சொன்னதில்லை. நிஜமாகவே நம்பினேன்.

போன கர்க்கடக மாதத்தில் ஆபரேஷனுக்குப் போகுமுன், "வந்தப்பறம் எல்லாம் ஒனக்குச் சொல்லித் தரேன்" என்றாய். நீ வரவில்லை. பதின்மூன்று நாள் காரியமும் கழிந்து வலியசாலை வீட்டுக்குப் போனபோது மாமி உன் லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். "இதப் பாத்தா எனக்குத் தாங்கல. நீயே கொண்டு போ. அவ என்ன பண்ணச் சொல்லுவாளோ, அதப் பண்ணு."

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒருத்தர் மெஷின் அவர் அலமாரி மாதிரி, தொறந்து பாக்கப்படாது. தூக்கிப் போடவும் படாது என்பாய். அலுவலகம் கழித்த எத்தனை லேப்டாப்புகளை நாம் முழுக்க அழித்து, லினக்ஸ் ஏற்றி, வாசகசாலைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். உன்னுடையதையும் அப்படியே செய்தேன். ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு அதை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன்.

சாவி அதில்தான் இருந்தது. மிகச் சிறிய கோப்பு. அதைக் கொண்டு கையொப்பமிட்டால்தான் புதிய பதிப்பு உன்னிடமிருந்து வருகிறது என்று ஃபோன்கள் நம்பும். நிரல் முழுவதும் வெளியே இருக்கிறது. சாவியை யாரும் வெளியே வைப்பதில்லை. நகல் எடுத்து வைத்திருப்பாய் என்று உன் பென்டிரைவ்களையெல்லாம் மாமியிடம் கேட்டு வாங்கித் தேடினேன். இல்லை. எதற்குத் தேடுகிறேன் என்று மாமியிடம் சொல்லவில்லை. "கொழந்தைகள்லாம் அதுல படிக்கறதுகளா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்கிறேன்.

உன் நிரலையே எடுத்துத் திருத்தி, வேறு பெயரில், என் சாவியால் புதிதாக ஒன்றைக் கட்டினேன். ஓடுகிறது. ஆனால் உன்னுடையதை வைத்திருப்பவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேராது. அவர்களுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. "யார் வெச்சிண்டிருக்கா, எங்க நிக்கறான்னு நமக்கெதுக்குடீ?" என்று சொல்லி ஒரு நம்பர்கூட நீ வாங்கி வைக்கவில்லை. அன்றைக்கு உன்னைப் பாராட்டினவளும் நான்தான். நிரல் இருக்கும் இணையப் பக்கத்தில் யாரோ, 'இது இன்னும் நடக்கிறதா?' என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாக நான் பதில் எழுதவில்லை. எடுத்து நடத்த யாரும் வரவுமில்லை. பெரிய கம்பெனிச் செயலியே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத் தருகிறதே, இனி இது எதற்கு என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நீ இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

புதுப்பிப்பு என் ஃபோனுக்கு இன்றுதான் வந்தது. மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. போன வாரம் கிழக்கேகோட்டையில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், சிமெண்டு படிந்த கையில் ஃபோனைப் பஸ்ஸின் பலகைக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார். திரையில் உன் செயலி தெரிந்து மறைந்தது. உன் செயலியை வைத்திருப்பவர் தமிழராகத்தானே இருக்க வேண்டும். கிட்டே போய், எங்கே போக வேண்டும் என்று தமிழிலேயே கேட்டேன்.

"நெடுமங்காடும்மா. முந்தி இது படிச்சுக் குடுக்கும். இப்போ தொறந்ததும் மூடிக்கிடுது. போன் பழசாயிட்டுல்லா."

நான் கட்டிய புதியதை அவர் ஃபோனில் ஏற்றப் பார்த்தேன். அறியாத இடத்திலிருந்து வருகிறது, ஆபத்து என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. வேண்டாம்மா என்று ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர்மேல் என்ன தப்பு? நெடுமங்காடு பஸ் எது என்று காட்டினேன். படியில் கால் வைத்தவர் திரும்பி, "புதுசு வாங்கினா இது வேல செய்யும்லா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

"பாத்து வாங்குங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஏறிப் போனார். ஒரே ஒரு 'இல்லை'தான். அதை அவரிடம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.