இரண்டு ரூபாய்க் குழியில் ஒரு ரூபாய்

மச்சான்,

இன்று காலை ஃபேக்டரியில் ஒருவர் மெஷின் மூடியின் விரிசலை அடைக்க அக்ரிலிக் பசை பாட்டிலைத் திறந்தார். இனிப்பும் நெடியும் கலந்த அந்த வாசனை. உடனே உன் முகம் வந்தது. செத்தவர்களைப் பூவிலும் ஊதுபத்தியிலும் நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நீ எனக்குப் பசையில் வருகிறாய். உனக்கு அதுதான் பொருத்தம்.

போனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு டிப்ளமோ படிக்க ஒரே பஸ்ஸில் போனோம். எனக்கு நாணயப் பைத்தியம் பிடிக்க நீதான் காரணம். "அண்ணே, பையக் கொஞ்சம் காட்டுங்கண்ணே" என்று கண்டக்டரின் சில்லறையைக் கிளறுவாய். "டிக்கெட் எடுடான்னா என் பையத் தடவுறியா?" என்று அவர் கத்துவார். மாதம் ஒரு ஞாயிறு கீழ வீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். அங்கே என்னை முதலில் இழுத்துப்போனதும் நீதான். நல்லது அவ்வளவுதான். முடிந்தது.

2008இல் அரசு நாணயச் சாலையிலிருந்து எனக்குத் தபாலில் ஒரு நாணயத் தொகுப்பு வந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, பிரிக்க முடியாதபடி மூட்டியது, உள்ளே நாலு குழி, ஒவ்வொன்றின் கீழும் மதிப்பு அச்சடித்திருக்கும். என் பெட்டியில் இரண்டு ரூபாய்க் குழிக்குள் இன்னொரு ஒரு ரூபாய் உட்கார்ந்திருந்தது. அடைத்தவர் கை தவறியிருக்கிறது. குழி பெரிது, காசு சிறிது, ஆட்டினால் கடகடவென்றது. மூட்டு பிரியாத வரைக்கும்தான் அது அபூர்வம். பிரித்தால் டீக்கடைச் சில்லறை.

"ஒரு வாரம் குடு மச்சான், ஆசதீரப் பாத்துட்டுத் தரேன்" என்றாய். கொடுத்தேன். என் புராஜெக்ட் மாடலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பசையையும் கேட்டு வாங்கிக்கொண்டாய். எதற்கென்று நான் கேட்கவில்லை. சொன்னபடி ஒரு வாரத்தில் பெட்டியைத் திருப்பித் தந்தாய்.

அடுத்த கூட்டத்தில் பெட்டியை மேசையில் வைத்தேன். செயலாளர், ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், லென்ஸை எடுத்தார். அப்போது நீ எழுந்தாய்.

"சொல்லக் கூடாதுன்னுதான் சார் பாத்தேன். போன மாசம் இவன் பிளாஸ்டிக் ஒட்டுற பசை வாங்குனான். நானே கூடப் போனேன்."

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சந்தேகம் வந்தால், பொருளுக்கு உரியவன் எல்லோர் முன்னாலும் மேசையிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். மறுத்தால் திருடன். எந்த மடையன் வைத்த விதியோ! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிளேடை நானே பிடுங்கி, மூட்டு நெடுக அறுத்தேன். காசுகள் உருண்டன. செயலாளர் அறுத்த ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிச்சாச்சு. இது முன்னாடி ஒட்டுனதா இல்லியான்னு இனிமே எப்புடித் தம்பி சொல்றது?"

ஹாலே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. எனக்காக வருத்தப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாய். அந்த முகத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அன்றிலிருந்து என் பெயர் 'பசை'. "வா பசை, புது செட்டு ஒட்டியாச்சா?" பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும். இரண்டு மாதம் கழித்து அதே பிழையோடு ஒரு பெட்டியை நீ கொண்டுவந்தாய். உன்னைப் பிரிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கள்ளனைக் காட்டிக்கொடுத்த யோக்கியன் அல்லவா நீ! கடலூர்க் கண்காட்சியில் அதற்குத் தனிக் கண்ணாடிக் கூண்டு, முதல் பரிசு.

ஃபேக்டரியில் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும். இரண்டு பாதியும் ஒரே உடம்பாகிவிடும். கையால் ஒட்டினால் கோடு நிற்கும், கோட்டில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி இருக்கும். என் பெட்டியின் அறுந்த துண்டுகளை நான் எறியவில்லை. உன் பெட்டி ஒரு நிமிஷம் என் லென்ஸுக்குக் கீழே வந்தால் போதும் என்று நாலு வருஷம் காத்திருந்தேன். நீ காட்டவே இல்லை. காட்டாமலே பைக்கிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தாய்.

போன மாதம் உன் மனைவி அந்தப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். நமக்குள் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அண்ணே, இத அவர் பேர்ல சங்கத்துலயே வெக்கிறாங்களாம். கூட்டத்துல நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். அவருக்கு உங்களவிட்டா யாருண்ணே இருந்தாங்க?"

அவள் காபி குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிட்டேன். கோடு. குமிழி. இரண்டு ரூபாய்க் குழிக்குப் பக்கத்தில் வழிந்து காய்ந்த ஒரு சொட்டு. என் பசை, மச்சான். "சரிம்மா, நானே எடுத்துட்டு வரேன்" என்றேன்.

போன ஞாயிறு அதே ஹால். உன் படத்துக்கு மாலை. முதல் வரிசையில் உன் மனைவி. பெட்டியைக் கொடுக்காமல், மேசையில் என் துண்டுகளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "எனக்குச் சந்தேகம் இருக்கு சார்" என்றேன்.

செயலாளர் பதறினார். "செத்தவன் பொருள்ல போயி பிளேடு வெக்கச் சொல்றியா?"

"உயிரோட இருக்குறவன் பொருள்ல வெச்சீங்களே! இத அறுக்கவே வேணாம். எதுல கோடும் குமிழியும் இருக்குன்னு ரெண்டு ஓரத்தையும் லென்ஸ்ல பாருங்க. மெஷின் ஒட்டுனதுல அது இருக்காது."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். 'பசை' என்று கூப்பிட்டவர்களும் வரிசையில் வந்தார்கள். செயலாளர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து, "தப்புப் பண்ணிட்டோம் தம்பி" என்றார். நாலு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். கிடைத்தது. தித்திக்கத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன்.

உன் மனைவி எழுந்து வந்து பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அன்னிக்கு வீட்டுலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே. நான் கொண்டாந்திருக்கவே மாட்டேனே."

கூட்டத்தில் போன பெயர் கூட்டத்தில்தான் திரும்ப வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நிற்கவில்லை.

கடலூருக்குத் திரும்பும்போது இருவருக்கும் ஒரே பஸ். எனக்கு இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டியது. ஒரு முறையும் திரும்பவில்லை. முதுநகரில் இறங்கி, தலையைக் குனிந்தபடி போனாள். குனிய வேண்டியது உன் தலை. நீ இல்லை, அதனால் அவள் குனிந்தாள்.

என் பேர் திரும்ப வந்தால் உன் மேல் இருக்கும் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை, மச்சான். அவள் தலை குனிந்ததற்கும் சேர்த்து இப்போது ஜாஸ்தியாகிவிட்டது.