எலிக் கனவுக்குப் பலன்

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடியும் எலிக் கனவு. எலிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, சத்தம் மட்டும்தான். தலைமாட்டில் சரசரவென்று எதையோ கொறிக்கின்றன. விரட்டலாம் என்றால் கை கால் அசைவதில்லை. காலையில் தரணியிடம் சொன்னேன். கட்டின பொண்டாட்டி, ஒரு ஆறுதல் சொல்லக் கூடாதா? தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "நம்மூட்டுல எலி ஏதுங்க?" என்றாள். இருந்தால் பொறி வைத்துப் பிடித்துவிடலாமே. இல்லாததுதானே தொல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

வாய் சும்மா இராமல் பனியன் கம்பெனியில் சொல்லிவிட்டேன். பேக்கிங் செக்சன் முழுக்க ஜோசியர் ஆகிவிட்டது. பீகார்க்காரி ஒருத்தி, "கணேஷ்ஜி வண்டி சார், அச்சா" என்றாள். இன்னொருத்தி வெள்ளை எலியா கறுப்பு எலியா என்று விசாரித்தாள். வெள்ளை வந்தால் யோகமாம், கறுப்பு வந்தால் பகையாம். சத்தத்துக்கு ஏது நிறம்? கட்டிங் மாஸ்டர் பசீர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "கெட்ட கனவை வெளிய சொல்லக் கூடாதுங்க. முழிப்பு வந்தா பக்கம் மாறிப் படுத்துக்கங்க, போதும்" என்றார். நல்ல மனுசன். ஊருக்கே சொல்லி முடித்த பிறகு வந்து சொல்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். நெற்றி நிறையச் சந்தனம் பூசிய ஒருவர், வீட்டுக்குள் எலி கொறிப்பதாகக் கனவு வந்தால் கூடவே இருந்து சாப்பிடுகிறவர் யாரோ அந்த வீட்டை அரிக்கிறார் என்று பொருள் என்கிறார். அணைத்துவிட்டேன். அப்புறம் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் நான், தரணி, பிளஸ் டூ படிக்கும் ஜனனி. பொங்கலிலிருந்து தரணியின் தம்பி சதீஷ்குமாரும் இருக்கிறான், சாயப்பட்டறை வேலை. ச்சே. என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பயல். அப்படியெல்லாம் நினைக்கலாமா?

பிப்ரவரி 13

நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் மூலனூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்பார்கள். எலிக்குக் கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை.

"கெடுதல் என் ஊட்டுக்குள்ளயே இருக்குதா, சாமி?"

பூசாரி சாமி காலடியில் வைத்து எடுத்துப் பிரித்தார். வெள்ளை. வண்டியை எடுக்க வெகுநேரம் ஆயிற்று எனக்கு.

பிப்ரவரி 20, வியாழன்

லேபிள் வாங்க வெளியே போனபோது பார்த்தேன். பல்லடம் ரோட்டில் சதீஷ்குமார் பைக் போகிறது, பின்னால் தரணி. வேலை நாள், பட்டப்பகல். சாயங்காலம் எங்கே போனாய் என்று கேட்டேன். "ரேசன் கடைக்குங்க" என்றாள். ரேசன் கடை எங்கள் தெருமுனையில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் உள்ளே நுழைந்தால் அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எதற்கோ அவளைத் தூண்டிவிடுகிறான். அவர்கள் அப்பா ஊர்ச் சொத்தாக இருக்கும். வேறென்ன?

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "ஜனனிக்குப் பரிட்சை வருது. ஊட்டுல இடம் பத்தல. வேற ரூம் பாத்துக்கப்பா."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சரிங்க மாமா" என்று பையை எடுத்துவிட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்காளைப் பாத்துக்கங்க மாமா" என்றான். எனக்குச் சொல்கிறானாம்! இருபது வருசமாக யார் பார்த்தது?

தரணி சமையல்கட்டில் அழுதாள். அப்பன் சாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

பிப்ரவரி 27

அவன் போயும் எலி போகவில்லை. இன்னும் அதிகமாகக் கொறிக்கின்றன.

மார்ச் 3, திங்கள்

ஜனனிக்கு இன்று தமிழ்ப் பரிட்சை. நன்றாக எழுதினாளாம். தரணி மெலிந்து தெரிகிறாள். மகள் படிப்புக்காகக் கண்விழிக்கிறாள், பாவம்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதித்தான் ஆகணும்.

ஷிப்மென்ட் போனதால் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன். எலிகள் வந்தன. முழிப்பு வந்தது — ஆனால் சத்தம் நிற்கவில்லை. கண் திறந்திருக்கிறது, வெயில் சன்னலில் அடிக்கிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. திரும்பினால், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு தரணி நிற்கிறாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பாலிபேக். அதற்குள் கைவிட்டு மாத்திரை எடுக்கிறாள்.

பாலிபேக். பனியன் போட்டு அடைக்கும் பிளாஸ்டிக் பை; பிரிண்ட் தப்பாகி ஒதுக்கியதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவேன். பருப்பு, துணி, ஜனனி புத்தகம் எல்லாம் எங்கள் வீட்டில் அதில்தான். நாள் முழுக்க அந்தச் சரசரப்புக்கு நடுவில்தான் நிற்கிறேன். எனக்கா அது தெரியல? எனக்கா?

"என்ன மாத்திரை அது?"

அவள் பையைப் பின்னால் மறைத்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "மாருல கட்டிங்க. கோயமுத்தூர்ல காட்டுனோம். சதைய எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்து, அதுதான்னு சொல்லீட்டாங்க. ராத்திரில வலி தாங்காம எந்திரிச்சு இதப் போட்டுக்கறனுங்க."

காட்டுனோம் என்றால்? கேட்க வேண்டியதில்லை. பைக்கில் கூட்டிப்போனது அவன்தான். "பாப்பா பரிட்சை முடியற வரைக்கும் மாமாகிட்ட சொல்லக் கூடாதுன்னு நாந்தான் அவங்கிட்டச் சத்தியம் வாங்குனனுங்க. நீங்க அவனைப் போகச் சொன்னப்பக்கூட வாயத் தொறக்கல பாருங்க." அவன் போன பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. தனியாகப் போகப் பயமாம்.

சாமி பொய் சொல்லல. ஊட்டுக்குள்ளதான் இருந்துச்சு. நான் ஆளத் தேடிட்டுத் திரிஞ்சேன்.

மார்ச் 10, திங்கள்

கோயமுத்தூரில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். ஆபரேசனை இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார்.

திரும்பும்போது சாமளாபுரம் போனேன். தறிக்குடோனை ஒட்டின ஒரு அறையில் சதீஷ்குமார் இருக்கிறான். தறிச் சத்தத்தில் நான் சொன்னது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், டாக்டர் திட்டியதைச் சொல்லி முடித்தேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆபரேசன் எப்பங்க மாமா?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

ஆபரேசன் முடிந்தது. சதீஷ்குமார் ஜனனியைப் பரிட்சைக்கு விட்டுவிட்டு நேராக இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். அவளுக்கும் சொல்லிவிட்டோம். அழுதுவிட்டுத்தான் பரிட்சைக்குப் போனாள். இந்த வீட்டில் இனி யாரும் யாருக்கும் எதையும் ஒளிக்க வேண்டாம்.

டாக்டர், முன்னாடியே வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மே 11, ஞாயிறு

இரண்டாவது ஊசி முடிந்து வீட்டில் இருக்கிறாள். தலையில் முடி இல்லை. ஜனனியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்து, "உங்க கம்பெனி டீசர்ட்டு ஒண்ணு போட்டா பொருத்தமா இருக்கும்" என்று சிரிக்கிறாள். மேலும் ஊசிகள் பாக்கி இருக்கின்றன. அதற்கப்புறம் என்ன என்று டாக்டரும் சொல்வதில்லை.

மாத்திரைகளை எல்லாம் இன்று ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி வைத்திருந்தாள். கேட்டால், "உங்களுக்குத் தூக்கம் கெடுதுங்களே" என்கிறாள். எடுத்துத் திரும்பப் பாலிபேக்கிலேயே போட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன்.

எலிகள் இன்னும் கனவில் வருகின்றன. வந்தால் எழுந்து விளக்கைப் போட்டு, அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன்.